கருவின் மரபணுவைத் திருத்த எங்கள் பெயரால் வழிவிட வேண்டாம்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கும், கழகத்தின் அறநெறி வழிகாட்டுதல்களை வகுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

பீட்டா தலசீமியா மேஜர் என்னும் ரத்த நோயோடு பிறந்த பதினேழு வயதுப் பெண்ணின் தாய் நான். ஏழாம் மாதத்தில் குழந்தை வெளுத்துப்போய், பால் குடிக்கவும் தெம்பில்லாமல் சோர்ந்தபோது எடுத்த பரிசோதனையில் நோய் தெரிந்தது. நானும் என் கணவரும் அந்த மரபணுக் குறையின் கேரியர்கள், அதாவது நோயின்றி அதைச் சுமப்பவர்கள், என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. அவர் எனக்கு அத்தை மகன். எங்கள் குடும்பத்தில் இப்படியொரு நோய் இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை மகளுக்கு ரத்தம் ஏற்றுகிறோம். ஏற்றிய ரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றுவதற்காக அவள் நாள்தோறும் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறாள். உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு ஏறினால் இதயமும் கல்லீரலும் என்னவாகும் என்பதை அவளே பிறருக்கு விளக்குவாள். இவ்வளவையும் முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிறக்கப்போகும் குழந்தையின் மரபணுவைக் கருவிலேயே திருத்த வேண்டும் என்று வாதிடுவோர் முன்னிறுத்துவது எங்களைப் போன்ற பெற்றோரைத்தான். ஆனால் எங்களை யாரும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு என் தம்பியும் அவன் மனைவியும் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குச் சென்றார்கள். அவர்களும் இருவருமே கேரியர்கள். கருக்களைச் சோதித்து நோயில்லாத ஒன்றைக் கருப்பையில் வைப்பதே அவர்கள் கேட்டுச் சென்றது. அங்கே ஆலோசனை வழங்கியவர், நோயுள்ள கருக்களையும் வீணாக்க வேண்டாம், உறையவைத்து வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் சில ஆண்டுகளில் கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் முறையில் அவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று கூறியிருக்கிறார். அதற்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு. அந்த மையத்தின் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் நாளை இதே பேச்சை வேறு பல மையங்களிலும் கேட்க நேரும் என்றே அஞ்சுகிறேன். தம்பி இதை என்னிடம் சொன்ன இரவில் நான் உறங்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இதே சொல்லை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், என்ன ஏது என்று கேட்காமல், கையிலிருந்த நகையை விற்றாவது ஒப்புக்கொண்டிருப்பேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அப்படி ஒப்புக்கொள்ளக்கூடிய நிலையில் இருப்பவர்களைக் காக்கும் பொறுப்பு தங்களிடம் இருப்பதால்தான் இந்த மடல்.

மனிதக் கருவின் மரபணுவைத் திருத்திப் பார்த்த முதல் ஆய்வே எங்கள் நோயைப் பற்றியது என்பதைப் பிறகுதான் படித்தறிந்தேன். 2015 ஏப்ரலில், சீனாவின் குவாங்சோ நகரிலுள்ள சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்தில் ஜுன்ஜியு ஹுவாங் தலைமையிலான குழு, குழந்தையாக வளர வாய்ப்பில்லாத 86 கருக்களை எடுத்து, பீட்டா தலசீமியாவுக்குக் காரணமான ஹெச்பிபி மரபணுவைத் திருத்த முயன்றது. அவற்றில் பிழைத்தவை 71, சோதிக்கப்பட்டவை 54, மரபணு வெட்டுண்டவை 28. அவர்கள் எண்ணியபடி திருத்தம் ஏறியது நான்கே கருக்களில்தான். அந்தக் கருக்களும் முழுமையாகத் திருந்தவில்லை. ஒரே கருவுக்குள் சில செல்கள் திருத்தப்பட்டும் சில பழையபடியும் இருந்தன. வெட்ட வேண்டிய இடத்தை விட்டு வேறிடங்களிலும் வெட்டு விழுந்திருந்தது. இதைக் குழந்தை பெறுவதற்குப் பயன்படுத்தும் காலம் இன்னும் வரவில்லை என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். அவர்களுடைய நேர்மையை நான் மதிக்கிறேன். ஐந்து ஆண்டு கழித்து, 2020இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பார்வையிழப்புக்குக் காரணமான ஒரு மரபணுவைக் கருவில் திருத்த முயன்றபோது, பல கருக்களில் அந்த மரபணு அமைந்திருந்த குரோமோசோமின் பெரும்பகுதியோ முழுக் குரோமோசோமோ காணாமற்போனது. எழுத்துப்பிழையைத் திருத்தப் போய்ப் பக்கத்தையே கிழித்ததற்கு ஒப்பானது இது.

இந்த எச்சரிக்கைகளில் முதலாவது ஏற்கெனவே அச்சில் இருக்கும்போதே, சீனாவின் ஷென்சென் நகரில் திருத்தப்பட்ட கருக்களிலிருந்து குழந்தைகளே பிறந்தன. அந்நகரின் தென் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராக இருந்த ஹே ஜியான்குய், மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக 2018 நவம்பரில் அறிவித்தார். லுலு, நானா என்ற புனைபெயர்களால் மட்டுமே உலகம் அக்குழந்தைகளை அறியும். பின்னர் இன்னொரு தாய்க்கு மூன்றாவது குழந்தையும் பிறந்தது. எச்.ஐ.வி. கிருமி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 என்னும் மரபணுவைச் செயலிழக்கச் செய்து, பிறக்கும் குழந்தைக்கு அத்தொற்றிலிருந்து வாழ்நாள் பாதுகாப்பு தருவதே தம் நோக்கம் என்றார் அவர். வட ஐரோப்பியர் சிலரிடம் அந்த மரபணுவில் 32 எழுத்துகள் (டிஎன்ஏ அலகுகள்) இயல்பாகவே விடுபட்டிருப்பதும், அவர்களில் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற இரு பிரதிகளிலும் அது விடுபட்டவர்களுக்குப் பெரும்பாலான எச்.ஐ.வி. வகைகள் தொற்றுவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் இரட்டையர் இருவரிடமும் ஏற்பட்ட மாற்றம் அந்த இயற்கையான மாற்றம் அல்ல. அதற்குமுன் எவரிடமும் ஆராயப்படாத வேறு வெட்டுகள். அவர்களில் ஒரு குழந்தைக்கு ஒரு பிரதி மட்டுமே மாறியிருந்தது. அதாவது, அவர் வாக்களித்த பாதுகாப்புகூட அந்தக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்தே கரு கருப்பையில் வைக்கப்பட்டது.

என்னை மிகவும் வருத்தியது அறிவியல் பிழை அன்று. அவர் தேர்ந்தெடுத்த பெற்றோர் யார் என்பதே. அந்தத் தம்பதியரில் கணவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது, மனைவிமாருக்கு இல்லை. தந்தையிடமிருந்து குழந்தைக்குத் தொற்று வராமல் காக்க விந்தணுக்களைக் கழுவிப் பிரித்தெடுக்கும் எளிய முறை பல ஆண்டுகளாகவே நடைமுறையில் உள்ளது. மரபணுவைத் தொடவே தேவையில்லை. ஆனால் சீனாவில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்குச் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை மறுக்கப்பட்டிருந்தது. குழந்தைக்காக ஏங்கிய அவர்களுக்கு வேறெங்கும் திறக்காத கதவு இவரிடத்தில் மட்டும் திறந்தது. அவர்களிடம் கையெழுத்து வாங்கிய படிவம் இதை எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம் என்று குறிப்பிட்டது. நடுவழியில் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னது. அறநெறிக் குழுவின் ஒப்புதல் போலியாக உருவாக்கப்பட்டது என்பதும், தொற்றுள்ளவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களைக் கொண்டு ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது என்பதும் குவாங்தோங் மாகாண விசாரணையில் வெளிப்பட்டன. கையெழுத்திட்ட பெற்றோரை நான் குறைகூற மாட்டேன். அந்த மேசையின் மறுபக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நம் குழந்தைக்கு நல்லது என்று ஒரு மருத்துவர் சொல்லும்போது எந்தப் பக்கத்தையும் படிக்காமல் கையெழுத்திடும் கை எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும்.

2019 டிசம்பர் 30 அன்று ஷென்சென் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. எந்தக் குற்றத்துக்கு என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். மனித மரபணுவைத் தலைமுறைகளுக்கும் தொடரும்படி மாற்றியதற்காக அன்று. உரிமமின்றி மருத்துவம் பார்த்ததற்காக. ஏனெனில் அந்த நாட்டில் அப்போது இருந்தது 2003ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்தானே தவிர, தண்டிக்கும் சட்டம் இல்லை. குழந்தைகள் பிறந்த பிறகே, 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத் திருத்தம், திருத்தப்பட்ட கருவை மனித உடலிலோ விலங்கு உடலிலோ வைப்பதைக் குற்றமாக்கியது.

நாம் இன்று நிற்பது சீனா 2018இல் நின்ற அதே இடத்தில்தான். கழகமும் உயிர்தொழில்நுட்பத் துறையும் இணைந்து வெளியிட்ட 2017ஆம் ஆண்டின் ஸ்டெம் செல் ஆய்வு வழிகாட்டுதல்கள், தலைமுறைகளுக்குக் கடத்தப்படும் மரபணுச் சிகிச்சையைத் தடைசெய்யப்பட்டவற்றின் வரிசையில் வைத்துள்ளன. 2019ஆம் ஆண்டின் மரபணுச் சிகிச்சை வழிகாட்டுதல்களும் அவ்வாறே கூறுகின்றன. இவற்றுக்காகத் தங்களுக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன். ஆனால் வழிகாட்டுதல் என்பது கட்டுப்பட நினைப்பவரை மட்டுமே கட்டுப்படுத்தும். கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கருவைச் சோதிப்பதற்கும் விற்பதற்கும் விதிகளை வகுத்திருக்கிறது. கருவின் மரபணுவைத் திருத்திக் கருப்பையில் வைப்பதைப் பெயர் சொல்லித் தண்டிக்கும் பிரிவு அதில் இல்லை. சட்டம் இயற்றும் அதிகாரம் கழகத்துக்கு இல்லை என்பதை அறிவேன். எனினும் நலவாழ்வு அமைச்சகத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் கழகம் எழுத்துப்பூர்வமாகப் பரிந்துரைத்தால் அதன் எடை வேறு. அந்தப் பரிந்துரையைத்தான் முதன்மையாகக் கேட்கிறேன்.

சட்டம் இவ்வளவு அவசரமா என்று தாங்கள் கேட்கக்கூடும். நம் நாட்டில் ஒருமுறை தாமதமானதன் விலையை இன்னும் செலுத்திக்கொண்டிருக்கிறோம். கருவிலுள்ள குறைபாடுகளைக் கண்டறிவதற்கென்றே 1970களின் நடுவில் பனிக்குட நீர்ப் பரிசோதனை இந்தியாவுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது பெண் கருவைக் கண்டறிந்து அழிக்கும் கருவியானது. ஸ்கேன் வந்தபிறகு அது ஊர்தோறும் வணிகமாயிற்று. 1994இல் சட்டம் வந்தபோது அந்த வணிகம் வேரூன்றிவிட்டிருந்தது. ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்கு இருந்த பெண் குழந்தைகள் 1991இல் 945 பேர், 2001இல் 927, 2011இல் 919. சட்டம் வந்த பிறகும் குறைந்தது என்பதைச் சுட்டிக்காட்டி, சட்டத்தால் பயனில்லை என்று சிலர் வாதிடுவார்கள். நான் காண்பது வேறு: கருவியும் சந்தையும் பெருகிவிட்ட பிறகு வரும் சட்டம் துரத்திக்கொண்டே ஓட வேண்டியிருக்கிறது. மணமகள் தேவை விளம்பரங்களில் நிறத்தைக் குறிப்பிடும் ஒரு சமூகத்தில், தலசீமியாவுக்காகத் திறக்கும் கதவு தலசீமியாவோடு நின்றுவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அமெரிக்காவில் கருக்களின் மரபணுத் திருத்தத்தையே தொழிலாகக் கொள்ளும் நிறுவனங்கள் 2025இல் முதலீடு திரட்டத் தொடங்கிவிட்டன. அதே ஆண்டு மே மாதத்தில், செல் மற்றும் மரபணுச் சிகிச்சையில் ஈடுபட்டுள்ள பன்னாட்டு அமைப்புகளே இதற்குப் பத்தாண்டுத் தடை வேண்டும் என்று கோரின. மரபணுத் திருத்தத்தைச் சிகிச்சையாகக் கொண்டுவர உழைப்பவர்களே நிறுத்துங்கள் என்கிறார்கள்.

இனி, தேவை உண்மையில் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் கேரியர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மீதி மூன்று பங்கு நோயில்லாதவை. எங்கள் இரண்டாவது குழந்தையை நான் சுமந்தபோது, பதினோராம் வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வருவதற்குள் கழிந்த நாள்களைப் பற்றி எழுத மாட்டேன். என் மகன் கேரியராக மட்டும் பிறந்து நலமாக இருக்கிறான். நஞ்சுக்கொடித் திசுச் சோதனை, கருப்பையில் வைக்கும் முன் கருவைச் சோதிப்பது, திருமணத்துக்கு முன்போ கர்ப்பத்தின் தொடக்கத்திலோ செய்யும் சாதாரண ரத்தப் பரிசோதனை ஆகிய இத்தனை வழிகள் இருக்கும்போது, கருவைத் திருத்துவதைத் தவிர வேறு வழியே இல்லாத தம்பதியர், அதாவது இருவருக்குமே நோய் முழுமையாக இருந்து தம் உயிரணுக்களிலேயே குழந்தை பெற விரும்புபவர்கள், மிக மிகச் சிலரே. அவர்கள் ஏக்கத்தை நான் சிறிதாக்கவில்லை. என் மகளே நாளை அவர்களில் ஒருத்தியாகலாம். ஆனால் அந்தச் சிலரைக் காட்டி எல்லாருக்குமான விற்பனையகத்தைத் திறக்கக் கூடாது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் கேரியரா என்று காட்டும் ஹெச்பிஏ2 ரத்தச் சோதனை கட்டாயமாகவும் இலவசமாகவும் கிடைத்தாலே, நாட்டில் ஆண்டுதோறும் தலசீமியா மேஜருடன் பிறப்பதாக மதிப்பிடப்படும் ஏறத்தாழ 10,000 குழந்தைகளின் பெற்றோரில் எத்தனை பேர், என்னைப்போல் குழந்தை பிறந்த ஏழாம் மாதத்தில் அல்லாமல், முன்கூட்டியே அறிந்து முடிவெடுக்கும் வாய்ப்பைப் பெறுவார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மரபணுவை நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரிக்கும் நம்பிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தென்னிந்தியாவில், ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைக்கும் அரிவாள் செல் மரபணு முதன்முதலாக 1952இல் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. அதன் இரண்டு பிரதிகளைப் பெற்ற குழந்தை வலியால் துடிக்கிறது. ஒரே பிரதியைப் பெற்ற குழந்தையோ கடும் மலேரியாவிலிருந்து பெருமளவு காக்கப்படுகிறது. எங்கள் தலசீமியாவுக்கும் அப்படியொரு வரலாறு உண்டு. ஷென்சென் குழந்தைகளிடம் சிதைக்கப்பட்ட சிசிஆர்5 மரபணுவும் வெறும் குறை அன்று. அது செயல்படாதவர்களிடம் வெஸ்ட் நைல் காய்ச்சல் கடுமையாகும் அபாயம் கூடுதல். அந்த மரபணு செயல்படாதவர்களின் ஆயுள் குறைவு என்று 2019இல் புகழ்பெற்ற இதழொன்றில் வந்த கட்டுரை, தரவுப் பிழையால் அதே ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. ஒரே ஒரு மரபணுவைப் பற்றிய அறிவே சில மாதங்களில் இப்படித் தலைகீழாகும் நிலையில், அதைத் திருத்திப் பேரப்பிள்ளைகள் வரை அனுப்புவதற்கு எந்தக் கைக்குத் துணிவு வர வேண்டும்?

மரபணுத் திருத்தமே வேண்டாம் என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து புரிந்துகொள்ள வேண்டாம். பிறந்துவிட்ட ஒருவரின், ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை எடுத்துத் திருத்தி அவருக்கே திருப்பிச் செலுத்தும் சிகிச்சையை நான் கைகூப்பி வரவேற்கிறேன். அந்த மாற்றம் அவரோடு நின்றுவிடும். அரிவாள் செல் நோய்க்கான அத்தகைய மருந்தான கேஸ்ஜெவி 2023இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. தலசீமியாவுக்கும் அது பயன்படுகிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். எங்கள் வீட்டில் அந்தத் தொகையை ரூபாயில் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு அவர்களுடைய ஸ்டெம் செல்களிலேயே மரபணுவைச் சேர்த்துச் செய்த சிகிச்சைக்குப் பின் ரத்தப்போக்கு நின்றதாக 2024 டிசம்பரில் வெளியான செய்தியைப் படித்த நாளில் மகளும் நானும் அழுதோம். அவளுடைய நோய்க்கான சிகிச்சை அது அல்ல என்று தெரிந்தும் அழுதோம். ஏனெனில் அது நம் ஊரில், நம் மருத்துவர்களால், நாம் பேருந்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் நடந்தது. ஆய்வுக்கென்று ஒதுக்கும் பணம் அங்கே போகட்டும்.

ரத்த வங்கிகளுக்கும் போகட்டும். 2025 அக்டோபரில் ஜார்க்கண்ட் மாநிலம் சாய்பாசாவில், தொடர்ந்து ரத்தம் ஏற்றிக்கொண்டுவந்த தலசீமியா குழந்தைகள் ஐவருக்கு எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. ஒரு நாட்டில் எச்.ஐ.வி.யைத் தடுப்பதற்கென்று கருவின் மரபணுவையே வெட்டினார்கள். இன்னொரு நாட்டில் ஒரு ரத்தப் பையைச் சரியாகச் சோதிக்க முடியவில்லை. அந்தச் செய்தி வந்த வாரத்தில் என் மகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய முறை வந்தது. பையிலிருந்து குழாய் வழியாக இறங்கிய ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டு அருகில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக, எனக்கு நானே பலமுறை எழுப்பிக்கொண்ட ஒரு கேள்வியைத் தங்கள் முன் வைக்கிறேன். தடுப்பூசி முதல் ரத்தம் ஏற்றுவது வரை, குழந்தையின் சம்மதமின்றிப் பெற்றோர் எத்தனையோ முடிவுகளை எடுக்கிறோமே, கருவின் மரபணுவைத் திருத்துவதில் மட்டும் என்ன தவறு? என் மகளுக்கு நான் எடுத்த முடிவுகள் அனைத்தையும் பதினெட்டு வயதில் அவள் கேள்வி கேட்கலாம், மாற்றலாம், மறுக்கலாம். அவளுக்காக நான் ஏற்ற சிகிச்சையின் விளைவு அவள் உடலோடு முடிகிறது. ஷென்சென் குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. செய்ததைத் திரும்ப எடுக்க முடியாது. என்ன விளைந்தது என்று அறிய வாழ்நாள் முழுவதும் அவர்களைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். நாளை அவர்கள் தாயாகும்போதும் அந்தச் சோதனை தொடர வேண்டும். அக்குழந்தைகளைப் பாதுகாக்கத் தனி மையம் வேண்டும் என்று சீன அறநெறியாளர்கள் 2022இல் கோரியபோது, மையம் என்பது பாதுகாப்பாக இருக்குமா, காவலாக இருக்குமா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. எந்தக் குற்றமும் செய்யாத குழந்தைகளை அந்த நிலையில் நிறுத்தியது பெற்றோரின் ஆசையும் ஒரு விஞ்ஞானியின் அவசரமும்தான்.

ஆகவே, திருத்தப்பட்ட கருவைக் கருப்பையில் வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டத்துக்குக் கழகம் பரிந்துரைக்க வேண்டும் என்றும், எதிர்காலத் திருத்தத்தைக் காட்டிக் கருக்களை உறையவைக்கச் சொல்லும் விளம்பரத்தையும் ஆலோசனையையும் கருத்தரிப்பு மையங்கள் உடனே நிறுத்தும்படி அறிவுறுத்த வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இது குறித்துத் தாங்கள் அமைக்கும் குழுவில் பெற்றோரின் பிரதிநிதி என்று ஓர் இருக்கை இருக்குமானால், அதில் என்னையோ என்னைப் போன்ற இன்னொரு தாயையோ அமர்த்த வேண்டாம். தலசீமியாவோடும் அரிவாள் செல் நோயோடும் வளர்ந்து, இன்று வேலைக்கும் கல்லூரிக்கும் செல்லும் இளைஞர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்த வங்கி வாசலில் நாங்கள் அவர்களைப் பார்க்கிறோம். அந்த இருக்கையை அவர்களுக்குத் தாருங்கள். கூட்டத்தின் தேதியை மட்டும் அவர்களுடைய ரத்தம் ஏற்றும் நாளைக் கேட்டுக்கொண்டு குறியுங்கள்.

இங்ஙனம்,
தலசீமியா நோயுள்ள ஒரு பெண்ணின் தாய்